யாருடைய சிறுகுடல்?
உடற்கூறு வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

1

பள்ளிக்கூடத்து அறிவியல் பாடத்தில் சிறுகுடலுக்கு ஒரு பக்கம் உண்டு. நீளம் ஆறேழு மீட்டர். மூன்று பகுதிகள்: முன்சிறுகுடல், நடுச்சிறுகுடல், பின்சிறுகுடல். உட்சுவரில் விரல் போன்ற குடலுறிஞ்சிகள். படம் வரைந்து பாகங்களைக் குறித்துவிட்டால் மதிப்பெண் வந்துவிடும். கடலூர் மாவட்டத்தில் அண்ணாகிராமம் ஒன்றியத்துப் பள்ளியில் படிக்கிற பிள்ளையும் இதைத்தான் எழுதுகிறது, லண்டனில் படிக்கிற பிள்ளையும் இதைத்தான் எழுதுகிறது. வயிற்றைக் கிழித்துப் பார்த்தால் எல்லாருக்கும் ஒரே குடல்தான் என்பது சாதிக்கு எதிராக மேடைகளில் நாம் வழக்கமாகச் சொல்லும் வாதமும்கூட.

அந்த வாதத்தின் நல்லெண்ணத்தை மறுப்பது இக்கட்டுரையின் வேலையல்ல. ஆனால் ஒரு கேள்வியைக் கேட்டே ஆக வேண்டியிருக்கிறது. பாடப்புத்தகத்தில் இருக்கிற அந்தக் குடல் யாருடைய வயிற்றிலிருந்து எடுக்கப்பட்டது? எந்தச் சட்டத்தின் பேரில்? அது அளவுகோலாக ஆக்கப்பட்டபோது அதற்குள் அடங்காத குடல்களுக்கு என்ன பெயர் வைத்தார்கள்? உடற்கூறியல் உடலைப் பற்றிய அறிவு என்று நாம் நம்புகிறோம். அது உடல்கள் மீது செலுத்தப்பட்ட அதிகாரத்தின் வரலாறாகவும் இருக்கிறது. மற்ற உறுப்புகளைவிடச் சிறுகுடலில் இந்த வரலாறு பளிச்சென்று தெரிகிறது. வெளியுலகம் மண்ணாக, தண்ணீராக, சோறாகத் தினமும் உடம்புக்குள் நுழைகிற இடம் அதுதான்.

2

அண்ணாகிராமம் பகுதிக்கு வடக்கே தென்பெண்ணை ஓடுகிறது, தெற்கே கெடிலம் ஓடுகிறது. கரும்பு, முந்திரி, பலா விளைகிற பூமி. கெடிலக் கரையில், பண்ருட்டியை ஒட்டினாற்போல, திருவதிகை வீரட்டானம். குடலைப் பற்றிய இந்த வட்டாரத்தின் மிகப் புகழ்பெற்ற கதையாடல் இந்தக் கோயிலில்தான் தொடங்குகிறது.

ஏழாம் நூற்றாண்டு. திருவாமூரில் பிறந்த மருணீக்கியார் சமணத்தில் சேர்ந்து, இன்றைய கடலூரின் திருப்பாதிரிப்புலியூராகிய பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியில் தருமசேனர் என்ற பெயரோடு தலைமை நிலையை எட்டினார். அவருக்குச் சூலை நோய் கண்டது. சமண முனிவர்களின் மந்திர வைத்தியம் பலிக்கவில்லை. அதிகையிலிருந்த தமக்கை திலகவதியார் தந்த திருநீறு பலித்தது. இப்படிச் சொல்கிறது பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரியபுராணம். நோய் நீங்க அப்பர் அதிகையில் பாடிய முதல் பதிகத்தில் குடல் என்ற உறுப்பு பெயர் சொல்லியே வருகிறது.

பக்தர்கள் இதை அற்புதமாக வாசிக்கிறார்கள். பகுத்தறிவாளர்கள் கட்டுக்கதை என்று தள்ளுகிறார்கள். இரண்டு பேருமே ஒன்றைக் கவனிப்பதில்லை. இந்தக் கதையில் குடல் வெறும் உறுப்பாக வரவில்லை. இரண்டு மதங்கள் உரிமை கொண்டாடிச் சண்டையிடுகிற நிலப்பரப்பாக வருகிறது. வலி யாருடைய அடையாளம், யார் அதைத் தீர்க்க வல்லவர் என்பதில் ஓர் ஆளின் மதமும், பிறகு அரசனின் மதமும் தீர்மானமாகின்றன. மதம் மாறிய பல்லவ அரசன் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளிகளை இடித்து, அந்தக் கல்லைக் கொண்டு அதிகையில் குணதரவீச்சரம் எழுப்பினான் என்றும் அதே பெரியபுராணம் சொல்கிறது. வயிற்றுவலியில் தொடங்கிய கதை ஒரு பள்ளியின் இடிபாட்டில் போய் முடிகிறது. குடலுக்காகப் பேசும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பது அன்றைக்கே அரசியல்தான்.

புராணத்துக்கு வெளியே, எழுதப்படாத இன்னொரு உடற்கூறும் கிராமங்களில் உண்டு. குழந்தை வாந்தியும் பேதியுமாகத் துவண்டு போனால் 'குடல் ஏறிடுச்சு' என்பார்கள். வயதான அம்மா ஒருத்தர் எண்ணெய் தொட்டு வயிற்றை நீவித் 'தட்டி' விடுவார். தொண்டையில், வயிற்றில் ஏதோ தங்கிவிட்டதென்றால் 'தொக்கம்' எடுப்பார்கள். இந்த அறிவில் குடல் அசைகிற பொருள், இடம் மாறுகிற பொருள். கண்ணால் காணாமல், கைகளால் அறியப்பட்ட குடல் இது. சவ்வு மடிப்பு ஒன்றில் தொங்கிக்கொண்டு வயிற்றுக்குள் ஓயாமல் நெளிவதுதான் சிறுகுடல் என்பதால், அசைகிறது என்கிற வரையில் அந்தக் கைகளின் அறிவு பொய்யில்லை. அதற்காக அதைத் தூக்கிக் கொண்டாடவும் முடியாது. கைக்குழந்தைகளுக்குக் குடலின் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்குள் நுழைந்து அடைத்துக்கொள்ளும் நோய் வரும். அப்போது தட்டிக்கொண்டிருந்தால் பிள்ளை போய்விடும். பாட்டி வைத்தியத்தை ஆராதிப்பவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

3

இனி லண்டனுக்குப் போக வேண்டியிருக்கிறது. பாடப்புத்தகத்தின் குடல் அங்கிருந்துதான் வந்தது.

1752இல் இங்கிலாந்தில் போடப்பட்ட சட்டம், தூக்கிலிடப்பட்ட கொலையாளிகளின் உடலை அறுத்துப் பார்க்க மருத்துவர்களுக்குக் கொடுத்தது. அறுப்பது தண்டனையின் ஒரு பகுதி. பள்ளிகள் பெருகின, பிணங்கள் போதவில்லை. கல்லறைத் திருட்டு தொழிலாயிற்று. 1828இல் எடின்பரோவில் பர்க், ஹேர் என்ற இருவர் பதினாறு பேரைக் கொன்று உடல்களை உடற்கூறு ஆசிரியர் ஒருவருக்கு விற்றது அம்பலமானது. தீர்வாக 1832இல் வந்தது உடற்கூறுச் சட்டம். ஏழைகள் விடுதியிலோ மருத்துவமனையிலோ செத்து, உரிமை கோர ஆளில்லாத உடல்களை இனி அறுக்கலாம். தூக்குமேடைக்கு உரியதாக இருந்த தண்டனை வறுமைக்கு இடம் மாறியது என்பதை ரூத் ரிச்சர்ட்சன் 1987இல் வெளிவந்த தமது நூலில் விரிவாக நிறுவியிருக்கிறார்.

1858இல் ஹென்றி கிரே எழுதி, ஹென்றி வான்டைக் கார்ட்டர் படம் வரைந்த உடற்கூறு நூல் வெளியாயிற்று. இன்றுவரை மருத்துவ மாணவர்களின் வேதம் அது. அதிலுள்ள உடல்கள் 1832ஆம் வருடச் சட்டம் லண்டன் ஏழைகளிடமிருந்து எடுத்துக் கொடுத்தவை. பெயரில்லை, முகவரியில்லை. அந்தப் பெயரின்மையே அவற்றை 'மனித உடல்' என்ற பொதுமைக்குத் தகுதியாக்கிற்று. கிரே 1861இல், 34 வயதில், பெரியம்மையில் செத்துப்போனார். கார்ட்டர் 1858இலேயே பம்பாய்க்கு வந்து கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, தொழுநோயையும் 'மதுரைக் கால்' எனப்படும் பூஞ்சை நோயையும் ஆராய்ந்தார். படம் வரைந்த கையும் காலனிக்கு வந்து சேர்ந்தது என்பதைத் தற்செயல் என்று விட்டுவிட முடியவில்லை.

பிணத்தைத் திறந்து உயிருள்ள நோயின் உண்மையைத் தேடும் பார்வை, பதினெட்டாம் நூற்றாண்டின் முடிவில் ஐரோப்பிய மருத்துவத்தில் எப்படி நிலைபெற்றது என்பதை மிஷல் ஃபூக்கோ 1963இல் எழுதினார். சிறுகுடலைப் பொறுத்தவரை அந்தப் பார்வையின் தடயங்கள் பெயர்களிலும் எண்களிலும் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கின்றன. முன்சிறுகுடலுக்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் பெயர் 'பன்னிரண்டு விரல்' என்று பொருள்படும். கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவின் ஹெரோஃபிலஸ் விரற்கிடையால் அளந்தது. நடுச்சிறுகுடலின் லத்தீன் பெயருக்குப் 'பட்டினி', 'வெறுமை' என்று அர்த்தம், பிணத்தில் அது காலியாகக் கிடந்ததால்.

எண்களுக்கு வருவோம். ஆறேழு மீட்டர் என்பது பிணத்தின் நீளம். சாகிறபோது குடலின் தசை தளர்ந்து நீண்டுவிடுகிறது. உயிரோடிருப்பவருக்கு வாய்வழியாகக் குழாயை விழுங்கவைத்து அளந்தபோது மூன்று மீட்டருக்குச் சற்று முன்பின்னாகத்தான் இருந்தது. குடலின் உட்பரப்பை விரித்தால் டென்னிஸ் மைதானம் அளவு வரும் என்று பல தலைமுறைகள் படித்தன. ஸ்வீடனைச் சேர்ந்த ஹெலாண்டர், ஃபேண்ட்ரிக்ஸ் இருவரும் 2014இல் மறுபடி கணக்கிட்டுப் பார்த்தபோது பெருகுடலையும் சேர்த்தே 32 சதுர மீட்டர்தான் வந்தது. அரை பேட்மிண்டன் மைதானம். பிள்ளைகள் பரீட்சையில் எழுதுகிற ஆறேழு மீட்டர் செத்தவர்களின் அளவு என்பதை எந்த வாத்தியாரும் சொல்லித் தருவதில்லை.

4

இந்தக் குடல் தமிழுக்கு வந்தது யாழ்ப்பாணம் வழியாக. அமெரிக்க மிஷனரி மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் 1847இல் அங்கு வந்து, மானிப்பாயில் மருத்துவமனையும் மருத்துவப் பள்ளியும் நடத்தினார். 1860களில் பாடமொழியைத் தமிழாக்கினார். ஆங்கிலத்தில் படித்தால் அரசாங்க உத்தியோகத்துக்குப் போய்விடுவார்கள், தமிழில் படித்தவர்கள் தங்கள் ஊரிலேயே வைத்தியம் பார்ப்பார்கள் என்பது அவர் கணக்கு. தம் தமிழ் மாணவர்களைக் கொண்டு நூல்களைத் தமிழாக்கினார். கிரேயின் நூல் 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' ஆயிற்று. கேசாதிபாதம், பாதாதிகேசம் என்று அழகை வருணித்த மரபின் சாயல் அந்தத் தலைப்பில் இருக்கிறது.

தமிழில் அறிவியல் முடியுமா என்று இன்றும் கேட்பவர்களுக்கு இது நல்ல பதில், சந்தேகமில்லை. ஆனால் நமது தமிழ்ப் பெருமிதம் அத்தோடு நின்றுவிடுகிறது. மொழி மாறியது, குடல் மாறவில்லை. லண்டன் ஏழையின் குடல் தமிழ்ப் பெயர் சூடிக்கொண்டு தமிழ்க் குடலாக நடமாடிற்று. பெயர்த்தவர்கள் பெயர்த்தது சொற்களைத்தான். அளவுகோலைக் கேள்வி கேட்கும் நிலையில் அவர்களும் இல்லை, அன்று உலகத்தில் வேறு யாரும் இல்லை.

பிணம் தேடும் முறையும் கூடவே வந்தது. 1836இல் கல்கத்தாவில் மதுசூதன் குப்தா சாதிக்கட்டை மீறிப் பிணத்தை அறுத்தது நவீனத்துவத்தின் வெற்றியாகக் கொண்டாடப்படுகிறது. அந்த மேசையில் கிடந்தவர் யார் என்று எந்தக் கொண்டாட்டமும் கேட்பதில்லை. நம் மாகாணத்தில் 1951இல் வந்த உடற்கூறுச் சட்டமும் உரிமை கோரப்படாத உடல்களையே கல்லூரிகளுக்குத் தருகிறது. நம்மூரில் அனாதைப் பிணமாவது யார்? பிழைக்கப் போன இடத்தில் விழுந்து செத்தவர், நடைபாதையில் கிடந்தவர், வீட்டாருக்குச் செய்தி போய்ச் சேராதவர். பிணவறையில் அந்த உடல்களைத் தூக்குகிறவர்கள் பெரும்பாலும் எந்தச் சாதிகளிலிருந்து வருகிறார்கள் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இப்போது மனமுவந்து உடல்தானம் செய்வோர் பெருகியிருக்கிறார்கள். நல்லது. ஆனாலும் நமது மருத்துவ அறிவின் கடன் கணக்கில் முதல் வரி அந்த அனாதைகள் பேரில்தான் இருக்கிறது.

5

இருபதாம் நூற்றாண்டில் கேள்வி வேறு வடிவம் எடுத்தது. குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் என்ற ராணுவ மருத்துவர் 1920களில் எலிகளுக்கு இந்தியாவின் பல பகுதி உணவுகளைக் கொடுத்துப் பார்த்தார். சீக்கிய உணவு தின்ற எலிகள் கொழுத்தன, மதராஸி உணவு தின்றவை நலிந்தன. உடல் பலத்துக்கு ரத்தம் காரணமல்ல, தட்டுதான் காரணம் என்பதாக இது ஒரு முன்னேற்றம். ஆனால் சோதனையின் பெயர்ப்பலகையில் மறுபடியும் இனங்கள். அந்த அரிசிச் சோற்றைத் தவிர வேறெதையும் வாங்க முடியாதபடி கூலியை வைத்தது யார் என்ற கேள்வி எலிக்கூண்டுக்குள் வரவே இல்லை.

உண்மையான திருப்பம் வேலூரில் நடந்தது. இதற்கு ஒரு பின்புலம் வேண்டும். குடலுறிஞ்சி மிக நுண்ணியது, அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் உயரம். செத்த உடலில் உடனே பதப்படுத்தினாலொழிய, சில மணி நேரத்தில் குடலின் உட்சவ்வு தன்னையே கரைத்துக்கொண்டுவிடும். ஆகவே மழுங்கிய குடலுறிஞ்சியைப் பிணத்தில் பார்த்தால் நோயா சிதைவா என்று சொல்ல முடியாமலே இருந்தது. 1957இல் அமெரிக்காவின் கிராஸ்பியும் குக்லரும் ஒரு கருவி செய்தார்கள். மெல்லிய குழாயின் நுனியில் ஒரு சிறு உலோகக் குப்பி. விழுங்கினால் சிறுகுடலுக்குப் போய்ச் சேரும். உறிஞ்சினால் சவ்வு அதன் துளைக்குள் வரும், உள்ளேயிருக்கும் கத்தி ஒரு துணுக்கை நறுக்கிக்கொள்ளும். உயிருள்ள குடலின் உட்சவ்வைக் கத்தி வைத்து வயிற்றைத் திறக்காமலேயே பார்க்க முடிந்தது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கர், வி. ஐ. மாத்தன் முதலியோர் 'ஸ்ப்ரூ' நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். ஓயாத பேதி, மெலிவு, ரத்தசோகை. வெப்ப நாடுகளுக்கு வரும் வெள்ளைக்காரர்களின் நோய் என்றுதான் அதை நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். நமக்கும் தென் ஆற்காட்டுக்கும் பக்கத்து மாவட்டமான வட ஆற்காட்டுக் கிராமங்களில் 1960களின் தொடக்கத்தில் அது கொள்ளைநோயாய்ப் பரவியபோது, கிராமத்து ஜனங்களின் நோயாக அது கண்ணுக்குத் தெரிந்தது.

அந்த ஆராய்ச்சியில் எதிர்பாராத ஒன்று மேலே வந்தது. நோயில்லாத, திடகாத்திரமான தென்னிந்தியர்களின் குடலும் புத்தகத்துக் குடல் மாதிரி இல்லை. விரல் வடிவக் குடலுறிஞ்சிகள் குறைவு. பெரும்பாலும் இலை போலவும், வயல் வரப்பு போலவும் இருந்தன. தாய்லாந்திலும் மற்ற ஏழை நாடுகளிலும் இதே காட்சி. உலக மக்களில் பெரும் பங்கினர் இப்படிப்பட்ட நாடுகளில் வாழும்போது, இயல்பான குடல் எது? சிறுபான்மையின் குடல் 'இயல்பு' என்றும் நமது குடல் 'திரிபு' என்றும் ஆன இடம் இதுதான்.

6

இந்த இடத்தில் இரண்டு அவசர முடிவுகள் காத்திருக்கின்றன. ஒன்று இனவாத முடிவு: இவர்கள் ரத்தமே அப்படி. இன்னொன்று நம்மிடையே 1990களுக்குப் பிறகு செல்வாக்குப் பெற்ற வித்தியாச அரசியலின் மலிவுப் பதிப்பு: 'நம்ம ஒடம்பு வேற, அவன் ஒடம்பு வேற, மேற்கத்திய அளவுகோலை நமக்கு எதுக்குப் பொருத்துற?' கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆய்வுகள் இரண்டுக்கும் இடம் தரவில்லை. சாக்கோ, மாத்தன், பேக்கர் முதலிய வேலூர்க்காரர்கள் 1969இல் வெளியிட்ட சவப் பரிசோதனை ஆய்வில், கருவிலும் பிறந்தவுடனேயும் தென்னிந்தியச் சிசுவின் குடலுறிஞ்சிகள் விரல் வடிவிலேயே இருந்தன. பிறகுதான் இலையாகின்றன, வரப்பாகின்றன. எதிர்த்திசையிலும் சான்று உண்டு. அன்றைய கிழக்குப் பாகிஸ்தானுக்கு அமைதிப் படைத் தொண்டர்களாக வந்த அமெரிக்க இளைஞர்களின் குடல் இங்கே வாழ்ந்தபோது மாறியதை லிண்டன்பாம் குழுவினர் 1966இல் எழுதினார்கள். ஊர் திரும்பியதும் அது பழைய நிலைக்கு வந்தது. நியூயார்க்கில் குடியேறிய இந்திய, பாகிஸ்தானியர்களின் குடலும் காலப்போக்கில் தேறியதை 1971இல் வந்த ஆய்வு காட்டியது.

ஆக, நம் குடலில் இருப்பது பிறப்பின் வித்தியாசமல்ல. நீரோடும் மண்ணோடும் மலக் கிருமிகளோடும் பிறந்த மாதங்களிலிருந்து தொடர்ந்து நடக்கிற மோதலின் தழும்பு. இன்று இதைச் சுற்றுச்சூழல் சார்ந்த குடல் பாதிப்பு என்று பெயரிட்டு, குழந்தைகளின் வளர்ச்சிக் குறைவுக்கு ஒரு காரணமாகப் பேசுகிறார்கள். இதை 'நமது இயல்பு' என்று கொண்டாடினால் என்ன ஆகும்? நமக்குச் சுத்தமான தண்ணீர் தர வேண்டிய பொறுப்பு யாருக்கும் இல்லை என்று ஆகிவிடும். எல்லா வித்தியாசமும் விடுதலைக்கானதல்ல. சில வித்தியாசங்கள் காயங்கள். காயத்தை அடையாளமாக ஆக்கிக்கொள்வது காயப்படுத்தியவனுக்குச் செய்கிற உபகாரம்.

அதே சமயம் புத்தகத்துப் பொதுமையை அப்படியே ஒப்புக்கொள்வதும் ஆகாது. 'எல்லாருக்கும் ஒரே குடல்' என்ற வாக்கியம் பிறக்கும்போது உண்மை. ஊருக்கு ஒரு கிணறு, சேரிக்கு ஒரு கிணறு என்று பிரித்து, தாழ்ந்த நிலத்தில் சேரியை வைத்து, மேட்டுத் தெருவின் சாக்கடையை அதன் பக்கம் திருப்பிவிட்ட ஒரு சமூகத்தில், அந்த உண்மை எத்தனை மாதம் தாங்கும்? சாதியைத் தோலில் தேடினார்கள், மூக்கில் தேடினார்கள், அளந்தார்கள், கிடைக்கவில்லை. பிறப்பில் அது இல்லை. ஆனால் தண்ணீர் வழியாக அது உடம்புக்குள் போய் எழுதுகிறது என்பதே என் வாதம்.

'கக்கூஸ் கட்டிக் கொடுத்தாச்சே, இன்னும் என்ன?' என்று அதிகாரிகள் கேட்பார்கள். வங்கதேசம், கென்யா, ஜிம்பாப்வே ஆகிய நாடுகளில் பெரிய அளவில் நடந்து 2018, 2019இல் முடிவு வெளியான சோதனைகள் இதற்குப் பதில் சொல்கின்றன. வீட்டுக்கு வீடு சாதாரணக் கழிப்பறை, கைகழுவும் வசதி, குடிநீரில் குளோரின் என்று கொடுத்தும் பிள்ளைகளின் உயரம் கூடவில்லை. ஏழையின் 'பழக்கத்தை' மட்டும் திருத்தப் பார்த்தால் இதுதான் நடக்கும். தேவைப்படுவது வீட்டுக்கு வீடு எப்போதும் வருகிற சுத்தமான குழாய்நீர், ஊர் முழுக்க மூடிய சாக்கடை, அதை மனிதன் இறங்கி அள்ளாத ஏற்பாடு. அது நடத்தைப் பிரச்சினை அல்ல, பொதுச்செலவுப் பிரச்சினை, அதாவது அரசியல் பிரச்சினை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணை திறக்கப்பட்டுத் தென்பெண்ணை கரை மீறியபோது, வெள்ளம் கிணறு, கழிப்பறை, சாக்கடை என்று எந்த வேறுபாடும் பார்க்காமல் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்துவிட்டுப் போயிற்று. தனித்தனிக் கழிப்பறைகளால் அதைத் தடுக்க முடியாது.

குடலின் உட்பரப்புச் செல்கள் மூன்றிலிருந்து ஐந்து நாட்களுக்குள் முழுக்கப் புதிதாகின்றன. உடம்பில் இத்தனை வேகமாகத் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் இடம் வேறு சிலதான். நியூயார்க்கில் தேறிய குடல் அண்ணாகிராமத்திலும் தேறும், தண்ணீர் மாறினால். அதற்கு முதற்படியாகப் பாடப்புத்தகத்தில் அந்த ஒரு பக்கத்தையாவது திருத்தி எழுதலாம்: நீளம் என்று போட்டால் உயிரிலா பிணத்திலா என்று சொல்ல வேண்டும், விரல் வடிவம் என்று போட்டால் எந்த ஊர்த் தண்ணீர் குடித்தவருக்கு என்று சொல்ல வேண்டும். படம் வரைந்து பாகம் குறிக்கிற பிள்ளை தன் வயிற்றைப் பற்றித்தான் எழுதுகிறோம் என்று அறிந்து எழுதட்டும்.